கல்முனைத் தங்கைக்கு: பொய்த்தகவல் ஆய்வை நம்பி வாழ முடியுமா?

தங்கச்சி, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் முடித்து, முதுமாணிப் படிப்புக்காக லண்டன் வந்து நான்கு மாதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். சர்வதேசப் பாதுகாப்பு, பொய்த்தகவல் ஆய்வு என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்களே, அந்த வேலை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவன். இங்கே வந்து 19 வருடமாகிறது, இந்தத் துறையில்தான் சம்பாதிக்கிறேன். கிடைக்கும் என்பதே என் பதில்.

அரச பாதுகாப்புத் துறைப் பதவிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி, அதாவது உங்கள் பின்னணியை ஆராய்ந்து அரசு தரும் ஒப்புதல், வேண்டும். வழக்கமாக முதல் நிலைக்கே 3 வருடமும், அடுத்த நிலைக்கு 5 வருடமும், மேல்நிலைக்கு 10 வருடமும் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பார்கள். பல இடங்களில் குடியுரிமையும் கேட்பார்கள். இது தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுவதும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், செய்தி நிறுவனங்களின் சரிபார்ப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் கைத்திறனுக்கு மதிப்பு உண்டு. எலியட் ஹிக்கின்ஸ் என்ற பிரித்தானியர் வீட்டிலிருந்தபடியே சிரியப் போர் வீடியோக்களில் தெரிந்த ஆயுதங்களை ஒப்பிட்டுப் பழகியவர். 2014இல் இணையத்தில் கிடைக்கும் படங்களையும் வீடியோக்களையும் வைத்துத் துப்பறியும் பெல்லிங்கேட் குழுவைத் தொடங்கி, அதே ஆண்டு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தைப் பற்றிய ஆய்வால் உலகறிந்தவரானார். நிழல், பெயர்ப்பலகை, செய்மதிப் படம் ஆகியவற்றை வைத்து ஒரு படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று நிறுவப் பழகுங்கள்.

உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் கறியில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் கூட்டத்தின் மிரட்டலுக்கு நடுவே ‘ஆம்’ என்று சொல்ல, அந்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த கிழமை முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

இங்குள்ள ஆய்வாளர்கள் பலருக்கு இது வெறும் பகிர்வு எண்ணிக்கைதான். அந்த ‘ஆம்’ எந்தப் பயத்தில் வந்தது என்று கேட்ட மாத்திரத்தில் விளங்குவது, தமிழும் சிங்களமும் முஸ்லிம் ஊர்ப் பேச்சும் காதில் விழ வளர்ந்த உங்களுக்குத்தான். உண்மையென்று நம்பிப் பகிர்ந்த பெண்ணையும், பொய்யென்று தெரிந்தே கூட்டம் சேர்த்தவனையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்தத் தொழிலின் சாரம். இதைக் கல்முனைக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள், விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வருமானம் மட்டும் நிலையானதல்ல. ஆய்வுகள் நன்கொடைப் பணத்தில் ஓடுகின்றன. அரசியல் மாறினால் பணமும் மாறும். பொய்த்தகவலை ஆராய 2019இல் தொடங்கிய ஸ்டான்போர்ட் இணைய ஆய்வகம் 2024இல் பெரும்பாலும் கலைந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மெட்டா நிறுவனம் எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் கருவியை மூடியது. எனக்கும் ஓர் ஒப்பந்தம் ஒரே மின்னஞ்சலில் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வாடகை கட்டியது நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைதான். புள்ளியியலோ சட்டமோ மொழிபெயர்ப்போ, ஒன்றைக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள்.

மனப்பாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. எது உண்மைப் படம், எது வேறு நாட்டுப் பழைய படம் என்று இரவுவரை பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்திலும் எங்கள் தெருப் பிள்ளைகளைத் தேடினேன். மறுநாள் லீவு கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இப்போதைக்கு அம்பாறை நிகழ்வை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள், ஆங்கிலத்தில். அந்த வீடியோவில் யார் என்ன கேட்டார்கள், கடைக்காரருக்கு எது விளங்கவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி திருத்தித் தருகிறேன்.