க்ளோப் விட்டதும் ஸ்லாட் தொட்டதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 2025 நவம்பர் 26 நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூல், நெதர்லாந்தின் பி.எஸ்.வி. அணியிடம் 1-4 என்று தோற்றதைக் கண் விழித்துப் பார்த்தேன். விடிந்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் நண்பர் ஒருவர், லிவர்பூலின் முன்னாள் பயிற்சியாளர் க்ளோப்பையும் 2024இல் அவருக்குப் பின் வந்த ஸ்லாட்டையும் ஒப்பிட்டு, "தோலைப் பதனிட்டு வைத்தவர் க்ளோப், அதைத் தைத்து விற்றவர் ஸ்லாட், சரக்கு தீர்ந்தது, சாயம் வெளுத்தது" என்று எழுதினார். முதல் ஆண்டிலேயே இங்கிலாந்து லீக் பட்டம் வென்ற ஸ்லாட்டை இப்படித் தள்ளிவிடலாமா? இருவரில் யார் மேல்?

கே., ஆம்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2023 கோடையில் ஹெண்டர்சன், ஃபபின்யோ, மில்னர், கெய்டா என்று பழைய நடுக்களம் மொத்தமாகக் கலைந்தபோது, மக் அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் ஆகிய நால்வரையும் வைத்து அதைத் திரும்பக் கட்டியது க்ளோப்தான். ஓராண்டில் விடைபெறப் போகிறவர் செய்த வேலை அது. அடுத்த கோடையில் வந்த ஸ்லாட்டுக்கு, உடனே களமிறங்கக்கூடிய புதிய ஆளாகக் கிடைத்தவர் கியேசா ஒருவரே. அப்படியிருந்தும் 2025 ஏப்ரல் 27 ஞாயிறன்று டாட்டன்ஹாமை 5-1 என வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்தார்.

ஆனால் நல்ல அணி கைக்கு வந்துவிட்டாலே பட்டமும் வந்துவிடும் என்றால், 2013இல் ஃபெர்குசனிடமிருந்து சாம்பியன் அணியை வாங்கிய மோயஸ் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏழாம் இடத்துக்கு இறக்கி, பருவம் முடிவதற்குள் வேலையை இழந்திருக்க மாட்டார். உங்கள் தொழிற்சாலையிலும், எந்தத் தோலின் எந்தப் பாகத்தை மேற்புறத்துக்கு எடுப்பது, எதை உள்ளே தள்ளுவது என்பதை வெட்டும் மேசையில் நிற்பவர்தானே முடிவு செய்கிறார்? நண்பர் அவரை மறந்துவிட்டார்.

கிராவன்பெர்க்கைப் பாருங்கள். க்ளோப்பின் கடைசிப் பருவத்தில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர். தற்காப்புக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கு ஸ்பெயின் வீரர் சுபிமென்டியை வாங்க நினைத்து, அவர் வர மறுத்ததும், அந்த இடத்தை ஸ்லாட் இவருக்குக் கொடுத்தார். தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்குகிறார்; பின்னால் எதிராளி ஒட்டிக்கொண்டு வருவது அவருக்குத் தெரியும்; பந்தைக் காலால் நிறுத்தாமல் ஓடவிட்டு, இடுப்பை மட்டும் திருப்புகிறார்; எதிராளி தாண்டிப் போய்விட, முன்னால் களம் திறந்து கிடக்கிறது. அந்தப் பருவத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. க்ளோப்பின் ஆட்டத்தில், பந்து பறிபோன சில நொடிகளுக்குள் மூன்று நான்கு பேர் பாய்ந்து மீட்பதிலிருந்து தாக்குதல் பிறந்தது. ஸ்லாட்டின் ஆட்டத்தில், பின்வரிசையினர் பந்தை வைத்துக்கொண்டு எதிரணியை வரவழைப்பதிலிருந்து பிறந்தது. முன்வரிசை வீரர் சாலா அந்தப் பருவ லீக்கில் எடுத்த 29 கோல்களும் 18 கோலுதவிகளும் இந்த இரண்டாம் வகை ஆட்டத்தில் வந்தவை. இதையும் க்ளோப்பின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த 2025-26 பருவத்துக்கு வருவோம். அதற்கு முன், க்ளோப்புக்கும் காலம் பிடித்தது என்பதை நினைவில் வையுங்கள். 2015 அக்டோபரில் பத்தாம் இடத்தில் கிடந்த அணியை ஏற்ற க்ளோப் அதை எட்டாம் இடத்தில் முடித்தார். லீக் பட்டத்துக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டம் வென்ற அடுத்த பருவத்திலேயே, வான் டைக் முதலான தற்காப்பு வீரர்கள் காயத்தில் படுத்திருக்க, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார். இன்று வேலூர் நேதாஜி விளையாட்டரங்கில் சிவப்புச் சட்டையோடு பந்து உதைத்துக்கொண்டே ஸ்லாட்டைத் திட்டும் பையன்களுக்கு அது நினைவிருக்க வயதில்லை. ஸ்லாட் தன் காலத்து அணியை முதன்முறையாகக் கட்டத் தொடங்கியது 2025 கோடையில்தான்: விர்ட்ஸ், எகிடிகே, இசாக் வந்தார்கள், அலெக்சாண்டர்-ஆர்னால்டும் லூயிஸ் டியாஸும் போனார்கள், அணியின் முன்வரிசை வீரர் ஜோட்டா விபத்தில் இறந்தார். ஓர் அணியின் ஓய்வறையில் அந்த இழப்பு என்ன செய்யும் என்பதைப் புள்ளிப்பட்டியலில் தேட முடியாது. தவிர, ஸ்லாட்டின் பதவிப்பெயர் தலைமைப் பயிற்சியாளர் என்பதே. ஆள் வாங்கும் பொறுப்பு விளையாட்டு இயக்குநர் ஹியூஸிடம் இருக்கிறது. க்ளோப் தன் உச்சத்தில் செலுத்திய செல்வாக்கு இவருக்கு இல்லை.

ஆகவே, யார் மேல் என்று கேட்டால், ஒன்பது பருவங்களில் அணியை அடியிலிருந்து தூக்கிய க்ளோப் என்றே இன்று சொல்வேன். அதற்காக ஸ்லாட்டின் பட்டத்தை இரவல் பட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஆண்டுத் தோல்விகளில் அவரைக் குற்றம் சொல்ல இடம் உண்டு. நவம்பரில் சொந்த மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-3 என்று தோற்ற ஆட்டத்திலும் சரி, நீங்கள் பார்த்த ஆட்டத்திலும் சரி, பந்தை இழந்ததும் முன்வரிசையும் நடுக்களமும் தனித்தனித் தீவுகளாக நின்றன. அதைச் சரிசெய்வது பயிற்சியாளரின் வேலை, விலைக்கு வாங்கியவரின் வேலை அல்ல. அடுத்த ஆட்டத்தில் விர்ட்ஸின் காலில் பந்து இருக்கும்போது அவரை விட்டுவிடுங்கள். பந்து பறிபோனவுடன் அவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் நண்பரையும் எழுதச் சொல்லுங்கள், வெளியிடுகிறேன்.