லண்டனில் முதலில் வீடா, பள்ளியா?

கேள்வி: என் கணவருக்கு லண்டன் கேனரி வார்ஃபில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கோவையிலிருந்து குடும்பத்தோடு போகிறோம். மகளுக்கு ஜனவரியில் 10 வயது முடிந்தது, இங்கே ஐந்தாம் வகுப்பு. மகனுக்கு மே மாதம் 4 முடிந்தது. ஒரு கன்சல்டன்ட் 1,500 பவுண்டு கேட்கிறார். நல்ல பள்ளியில் சீட் வாங்கித் தருவாராம். அதற்கு அவர் சொல்லும் பகுதியில் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டி இப்போதே வீடு பிடிக்க வேண்டுமாம். கட்டலாமா? எந்தப் பகுதி நல்லது? பள்ளியை முதலில் முடிவு செய்வதா, வீட்டையா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கிலாந்தில் அரசுப் பள்ளி சீட்டை யாராலும் வாங்கித் தர முடியாது. கணவரின் வேலை விசாவோடு வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம். டொனேஷன் கிடையாது, கிராமர் பள்ளி போன்ற சிலவற்றைத் தவிர நுழைவுத் தேர்வு கிடையாது, பெற்றோரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் கிடையாது. டி.சி.யும் யாரும் கேட்க மாட்டார்கள். யாருக்கு இடம் என்பதை அச்சிட்டு வெளியிட்ட விதிகளின்படிதான் அந்தப் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலோ பள்ளியோ முடிவு செய்யும். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி, தங்கைக்கு முன்னுரிமை, பிறகு வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரம். பெரும்பாலான பள்ளிகளில் கதை இவ்வளவுதான். சர்ச் சார்ந்த பள்ளிகளுக்குத் தனி விதி உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாது.

ஆகவே சீட் வாங்கித் தருகிறேன் என்பவர் ஒன்று உங்களிடம் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் உங்கள் பெயரில் பொய் சொல்லப் போகிறார். நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான். நீங்கள் குடியே இருக்காத ஒரு வீட்டின் முகவரியைப் படிவத்தில் போட்டுவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்பவர்களும் இதே வகைதான். கவுன்சில் வரி யார் பெயரில் வருகிறது என்று கவுன்சில் தன் பதிவேட்டிலேயே பார்த்துவிடும். முகவரி பொய் என்று தெரிந்தால், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த பிறகும் அந்த இடத்தை ரத்து செய்ய விதியில் இடம் இருக்கிறது. அப்போது கன்சல்டன்ட் ஃபோனை எடுக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்வார்: 'இப்போதே வெயிட்டிங் லிஸ்டில் போட்டு வைக்கிறேன், முன்னால் போட்டால் முன்னால் கிடைக்கும்.' அந்தப் பட்டியலில் தேதிக்கு மதிப்பே இல்லை. உங்களுக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து வந்தவர் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் உங்களுக்கு மேலே போய்விடுவார். சேர்க்கை விதித்தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். அங்கே வகுப்பு வயதை வைத்துத்தான். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. அந்தக் கணக்கில் உங்கள் மகள் இந்தச் செப்டம்பரில் இயர் 6, அதாவது ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு. மகன் ரிசப்ஷன், அதாவது முதல் படி.

மகள் இயர் 6 என்பதால் உங்களுக்கு முக்கியமான தேதி அக்டோபர் 31. அடுத்த ஆண்டு இயர் 7இல் மேல்நிலைப் பள்ளி சேர அன்றைக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முடிவு மார்ச் 1 அன்று வரும். தேதி தாண்டி வந்த விண்ணப்பத்தைப் பொதுவாக நேரத்தோடு போட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த பிறகுதான் எடுத்துப் பார்ப்பார்கள். எனவே, அக்டோபர் நடுவுக்குள் உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு நிலையான வீடு வேண்டும். கம்பெனி கொடுக்கும் தற்காலிக ஃப்ளாட் முகவரியைப் பல கவுன்சில்கள் ஏற்பதில்லை. ஆகஸ்டில் இறங்கி, 'நிதானமாக நவம்பரில் நல்ல வீடு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள்.

லண்டனில் அந்த விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகள் வரை போடலாம். ஆறையும் நிரப்புங்கள். ஒரே ஒரு பெரிய பெயரை மட்டும் போட்டால் அதையே தருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் எந்த வரிசையில் போட்டீர்கள் என்று பள்ளிக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒன்று கிடைக்காவிட்டால் எங்கே மிச்சமோ அங்கே அனுப்புவார்கள். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளிக் கனவை இந்த முறை விட்டுவிடுங்கள். தேர்வு செப்டம்பரில், நீங்கள் விமானம் ஏறுவதற்குள் பதிவு முடிந்திருக்கும். அதற்கும் கோச்சிங் என்று பணம் வாங்க ஆள் இருக்கிறது.

இயர் 6க்கு எந்தப் பள்ளி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பத்து மாதப் படிப்பு அது. மே மாதம் வரும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் மேல்நிலைப் பள்ளி சேர்க்கைக்கும் தொடர்பு இல்லை. பக்கத்தில் இடம் இருக்கும் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வீட்டைத் தேடும்போது இரண்டைப் பாருங்கள்: மகளின் மேல்நிலைப் பள்ளி, மகனின் ஆரம்பப் பள்ளி. அவள் அங்கே ஐந்து வருடமாவது படிப்பாள், அவன் ஏழு வருடம்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. ரிசப்ஷனுக்கான விண்ணப்பக் காலம் ஜனவரி 15 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே இருக்கும் காலி இடத்தில்தான் சேர்க்க முடியும். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. முப்பது நிரம்பிவிட்டால் மேல்முறையீட்டில் ஜெயிப்பது மிகக் கடினம். ஆனால் அவன் மே மாதம் பிறந்தவன். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகளுக்கு, ஐந்து வயது முடிந்து வரும் செப்டம்பரில்தான் பள்ளி கட்டாயம். அதாவது இந்த ஆண்டு அவனை அனுப்பாவிட்டாலும் சட்டப்படி தவறில்லை. நல்ல இடம் கிடைக்கும்வரை நர்சரியில் விடலாம். அந்த வயதுக்கு வாரம் 15 மணி நேரம் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் சும்மா ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த செப்டம்பரில் நேராக இயர் 1இல் போடுவார்கள், ரிசப்ஷன் போய்விடும். 'அப்போதும் ரிசப்ஷனிலேயே சேருங்கள்' என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் கவுன்சில் அல்லது பள்ளியின் கையில். கேட்பதானால் சீக்கிரம் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். என்னைக் கேட்டால், இடம் கிடைத்தால் இந்த ஆண்டே அனுப்பிவிடுங்கள். லண்டனில் பிறப்பு குறைந்து, ஹாக்னி, லாம்பெத், சதக் போன்ற இடங்களில் ஆரம்பப் பள்ளிகளையே மூடும் நிலை வந்திருக்கிறது. ஆரம்ப வகுப்புக்கு இடம் தேடுவது முன்பு போல் கஷ்டம் இல்லை.

பகுதி எது? கேனரி வார்ஃபுக்கு ஜூபிலி லைன் என்ற மெட்ரோ ரயில் போகிறது. அதன் கிழக்கு முனையில் ஸ்ட்ராட்ஃபோர்டு, வடமேற்கில் வெம்ப்ளி பார்க், கிங்ஸ்பரி, குவீன்ஸ்பரி, ஸ்டான்மோர். ஈஸ்ட் ஹாமில் இருந்தால் வெஸ்ட் ஹாமில் ஒரு மாற்றம். இல்ஃபோர்டில் இருந்தால் வைட்சேப்பலில் ஒரு மாற்றம். ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தெருவிலேயே கிடைக்கும், பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போனபின் புது ஊரில் பகலெல்லாம் தனியாக இருக்கப் போவது நீங்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு அந்தந்தக் கவுன்சிலின் மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக் கையேட்டை இறக்குங்கள், இணையத்தில் இலவசம். ஒவ்வொரு பள்ளிக்கும் நேரே, கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்று போட்டிருப்பார்கள். உதாரணமாக ஒரு பள்ளிக்கு 0.8 மைல் என்று இருக்கிறது, நீங்கள் பார்க்கும் வீடு 0.75 மைல் என்றால் அதை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். அடுத்த ஆண்டு அது 0.6 ஆகலாம். அரை மைலுக்குள் வீடு இருந்தால் ஓரளவு தைரியமாக இருக்கலாம். மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்து, குறைந்தது மூன்று பள்ளிகளுக்குள் விழும் தெருவாகப் பிடியுங்கள். எல்லை தாண்டிய பக்கத்துக் கவுன்சில் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் முன்னுரிமை தரக்கூடாது என்று 1989 கிரீனிச் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

வீட்டு விளம்பரத்தில் 'அவுட்ஸ்டாண்டிங் பள்ளி அருகில்' என்று பார்த்தால் தேதியைக் கேளுங்கள். அது பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு கொடுத்த உயர்ந்த மதிப்பு. 2012 முதல் 2020 வரை அந்த மதிப்பு வாங்கிய பள்ளிகளை வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கி வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் மதிப்பையே நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் வேறு மாதிரி அறிக்கை. பழைய பேனரைக் காட்டி வாடகையை ஏற்றுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஆறு மாத முன்பணம்: 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்பதற்குத் தடை வந்துவிட்டது. வாடகை மாதம் 2,000 பவுண்டு என்றால் வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை, சுமார் 461 பவுண்டு. டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வாரம், சுமார் 2,307. ஏஜென்ட் கமிஷன், பேப்பர் செலவு என்று வாடகைக்கு வருபவரிடம் கேட்பது 2019இலிருந்தே சட்ட விரோதம். டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அனுமதித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும் என்றால் அது திருட்டுதான்.

நியாயமாகப் பார்த்தால் உங்களைப் போன்றவர்கள் இப்படி அலையவே கூடாது. வீட்டுக்காரர் அந்த ஊர்ச் சம்பளச் சீட்டு கேட்பார், கவுன்சில் வீட்டு ஒப்பந்தம் கேட்கும், ஒப்பந்தம் வரும்வரை பிள்ளை வீட்டில் உட்கார வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்வதற்கு ஒரு கவுன்சிலில் ஒரு படிவம், பக்கத்துக் கவுன்சிலில் வேறு, சில பள்ளிகள் தாங்களே தனிப் படிவம். இத்தனை வருடமாகக் குடும்பங்கள் வந்து இறங்கும் நகரத்தில் இதை ஒரே இடத்தில் வைக்க முடியாதா? இந்தக் குழப்பத்தில்தான் 1,500 பவுண்டு கன்சல்டன்ட் பிழைக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது: கணவர் இரண்டு வாரம் முன்னால் போய் வீட்டைப் பார்க்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போட்டு, ரிசப்ஷனிலும் இயர் 6இலும் எந்தப் பள்ளிகளில் காலி இடம் என்று கேளுங்கள். விண்ணப்பித்தால் 15 பள்ளி நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. கிடைத்த இடம் பிடிக்காவிட்டாலும் மறுக்காதீர்கள். ஏற்றுக்கொண்டாலும் பிடித்த பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், மேல்முறையீட்டு உரிமையும் போகாது. மறுத்துவிட்டால் பட்டியலில் ஓர் இடம்கூட மேலே ஏற மாட்டீர்கள், பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம்.