இலவச நிமோனியா ஊசி மட்டமானதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மகளுக்கு மூன்று மாதம். ஆறாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோசில் ஊசி இலவசமாகப் போட்டார்கள். அடுத்ததைத் தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு ஊசியாகப் போடச் சொல்கிறார் நாத்தனார். இலவச ஊசி வேலை செய்யுமா டாக்டர்?

பதில்: நன்றாகவே வேலை செய்யும்மா. கடன் வாங்கி டவுனுக்கு ஓட வேண்டாம். பதினாலாவது வாரம் அதே நர்சம்மாவிடம் போங்கள், ஒன்பது மாதம் முடிந்ததும் மூன்றாவது ஊசி.

இந்த ஊசிக்கு விலை கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டிருக்கும், அந்த உறையில் 90க்கும் மேல் வகைகள். வெறும் உறையைக் காட்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு அதைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளாது, அதனால் ஒரு புரதத்தோடு பிணைத்துத்தான் கொடுக்க வேண்டும். நிமோசில் போல பத்து வகைக்கான ஊசி என்றால் பத்தையும் தனித்தனியாக வளர்த்து, உறையைப் பிரித்துச் சுத்தம் செய்து, புரதத்தோடு ஒட்டி, ஒவ்வொன்றையும் சோதித்து, அப்புறம்தான் ஒன்றாகக் கலப்பார்கள். 2000இல் அமெரிக்காவில் வந்த ஏழு வகை ஊசி ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது.

புனே சீரம் இன்ஸ்டிடியூட், பாத் (PATH) என்ற சர்வதேச சுகாதார அமைப்போடு சேர்ந்து, கேட்ஸ் அறக்கட்டளையின் பண உதவியில், விலையைக் குறைப்பதற்கென்றே உருவாக்கியதுதான் நிமோசில். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குழந்தைகளை அதிகம் தாக்கும் வகைகளாகப் பார்த்துச் சேர்த்தார்கள். காம்பியாவில் 2,250 கைக்குழந்தைகளிடம் சோதித்தபோது விலை கூடிய பழைய ஊசிக்கு இது சளைக்கவில்லை. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தரச்சான்று தந்தது. அப்போது ஏழை நாடுகளுக்கு ஒரு டோஸ் 2 டாலராக இருந்தது. விலை குறைந்தது உழைப்பால், தரத்தில் கைவைத்து அல்ல. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்து முத்தடுப்பூசியை எத்தனை பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டிருக்கிறோம், அதை யாராவது மட்டம் என்றார்களா?

ஒன்று மட்டும் கவனம். எல்லா நிமோனியாவையும் இந்த ஊசி தடுக்காது. வைரஸால் வருவதும் உண்டு, லைன் வீட்டு விறகுப் புகையும் நெஞ்சைக் கெடுக்கும், அடுப்பு எரியும்போது பாப்பாவை வேறு அறையில் படுக்க வையுங்கள். ஒரு ஆடி மழையில் ஏழு மாதக் குழந்தையைக் கம்பளியில் இறுக்கிச் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள், விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. இரண்டு நாளாக அந்தக் கம்பளியைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. சளி பிடித்தால் சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.