மீன்தொட்டியில் தவளையும் வளர்க்கலாமா?

உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்றடி நீளத் தொட்டியில் கப்பி மீன்களும் நான்கு தங்கமீன்களும் வளர்க்கிறேன். கடையில் பார்த்த வெள்ளைத் தவளைகள் இரண்டையும், கிடைத்தால் ஓர் அக்சலோட்லையும் அதிலேயே விடலாமா?"

அக்சலோட்ல் வேண்டாம். மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட, தவளைக்கு உறவான, வாலுள்ள அந்த நீர்வாழ் உயிரிக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான குளிர்நீரே உகந்தது. 24 பாகையைத் தாண்டினால் நலிந்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலை வீடுகளில் தொட்டி நீர் 30 பாகையைத் தொடுவது புதிதல்ல. தலைக்கு வெளியே இறகுபோல விரிந்திருக்கும் அதன் செவுள்களை மீன்கள் கொறிக்கும் என்பது வேறு.

வெள்ளைத் தவளைகள் பெரும்பாலும் ஆபிரிக்க நகத்தவளைகளே. குஞ்சாக இருக்கையில் சாதுவாகத் தெரியும் இவை 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து, வாயில் அடங்கும் எந்த மீனையும் விழுங்கும். உங்கள் கப்பிகள் ஒன்றுகூட மிஞ்சா. மீன்களோடு ஓரளவு ஒத்துப்போவது 4 சென்ரிமீற்றர் அளவேயான ஆபிரிக்கக் குள்ளத்தவளைதான். வாங்குமுன் முன்கால்களைப் பாருங்கள்: விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத்தவளை, விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் நகத்தவளை.

குள்ளத்தவளைகளைக் கப்பிகளோடு விடலாம். கப்பிக் குஞ்சுகள் சில இரையாவதைத் தவிர்க்க முடியாது. பருத்து வளரும் தங்கமீன்களை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குள்ளத்தவளைக்குப் பார்வை மந்தம். மணத்தால் இரை தேடுவதால், அது அருகில் வருமுன் மீன்கள் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சினால் இரத்தப்புழுவைத் தவளையின் வாயருகே கொண்டுசென்று கொடுக்க வேண்டும். பட்டினியால் மெலியும் தவளையைப் பலர் நோயென்று எண்ணி மருந்து போடுவது எனக்கு மிகுந்த வேதனை தரும் தவறு.

அந்த மருந்துதான் அடுத்த ஆபத்து. தவளை தன் தோலின் வழியே நீரை உறிஞ்சுவதால், மீனுக்கு வெள்ளைப்புள்ளி கண்டவுடன் நாம் வழக்கமாகப் போடும் உப்பும், செப்புக் கலந்த மருந்துகளும் அதற்குக் கேடாகும். நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றியே சிகிச்சை செய்யுங்கள். இதே காரணத்தால் கடலோரத்து உவர்க் கிணற்று நீரைத் தவிர்த்து, குளோரின் நீக்கி கலந்த குழாய் நீரைப் பயன்படுத்துங்கள். குள்ளத்தவளை நுரையீரலால் சுவாசிப்பது. மேலே வந்து காற்றெடுக்க நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில அங்குல இடைவெளி வேண்டும். மூடி இல்லாவிட்டால் வெளியே பாய்ந்து காய்ந்து இறந்துவிடும். வலைமூடி போட்டு அதன்மேல் மின்விசிறிக் காற்றைச் செலுத்தினால், நீர் ஆவியாவதால் வெப்பமும் ஓரிரு பாகை குறையும்.

நகத்தவளையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் தனித் தொட்டி கொடுங்கள். அது 15 ஆண்டுகள்கூட வாழும். வளர்க்க இயலாமற் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கந்தளாய் வாய்க்காலிலோ தம்பலகாமத்து வயலிலோ விட்டுவிடாதீர்கள். உலகின் பல நாடுகளில் தவளையினங்களை அழித்த கைற்றிட் பூஞ்சையை, தான் நோயுறாமலே சுமந்து பரப்பக்கூடியது அது.