காதோடு கொஞ்சம்: இடது காதில் 6 மில்லி செகண்ட்

கேள்வி: எனக்கு 20 வயது. கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. படிக்கிறேன். ஆராய்ச்சி மாணவி ஒருவர் எங்கள் வகுப்பில் பலருக்கு ஹெட்போன் மாட்டி, இரைச்சல் நடுவில் அறுந்து வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு 5 மில்லி செகண்ட், அடுத்துப் பார்த்த இடது காதுக்கு 6 என்று வந்தது. என் தோழிக்கு இரண்டிலும் 4. வழக்கமான காது டெஸ்ட்டில் எனக்குக் குறை இல்லை. மாங்காய் சீசன் என்பதால் அன்று விடியற்காலை 4 மணிக்கே அப்பாவின் மண்டியில் லோடு கணக்கு எழுதிவிட்டுத்தான் போனேன். என் இடது காது மந்தமாகிறதா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இல்லைம்மா, பயப்படாதே.

நான் பிறந்தது பென்னாகரம் பக்கம். அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினார். லீவு நாளில் நானும் போய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். அருவி இரைச்சல் ஓயவே ஓயாது. அது ஒரு செகண்டில் இருநூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் அறுந்து திரும்ப வந்தால் காதுக்குத் தெரியுமா? தெரியும். 5 மில்லி செகண்ட் என்பது அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

வழக்கமான டெஸ்ட், எவ்வளவு சின்ன சத்தம் கேட்கிறது என்று பார்க்கும். இது, காதும் மூளையும் எவ்வளவு வேகமாகப் பிரித்தறிகின்றன என்று பார்க்கும். பரவலாகப் பயன்படும் முறையில் 2 முதல் 20 மில்லி செகண்ட் வரை பத்து அளவு இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஆறு தடவை வரும். ஆறில் நான்கையாவது பிடித்த மிகக் குறைந்த அளவுதான் உன் எண். காது நன்றாக உள்ள இளைஞர்களுக்குச் சராசரி 5-ஐ ஒட்டியே இருக்கும். உனக்கு எடுத்ததும் இந்த முறைதான் என்றால், நான்குக்குப் பதில் மூன்றைப் பிடித்தாலே 5 என்பது 6 ஆகிவிடும். இரண்டாவதாகப் பார்த்த காது, விடியற்காலையில் எழுந்த உடம்பு. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

'எடு', 'எட்டு' என்று சொல்லிப் பார். 'எட்டு' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி, சத்தம் நின்றே போகிறது. சாதாரணப் பேச்சில் அந்த மௌனம் 100 மில்லி செகண்டுக்கும் மேல். அதற்கு முன்னால் உன் ஒரு மில்லி செகண்ட் எந்த மூலைக்கு? மண்டியில் லாரி இன்ஜின் ஓடும்போது அந்த மௌனத்தை இன்ஜின் சத்தம் நிரப்பிவிடும். அப்போது "எட்டு கிரேடா?" என்று யாராக இருந்தாலும் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

உன் வயதுக்காரர்களை அளப்பதற்கும் காரணம் உண்டு. வயதானவர்களுக்கு, வழக்கமான டெஸ்ட் சரியாக இருந்தாலும்கூட, இந்த இடைவெளி நீளலாம். மூளையில் கேட்கும் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். எது நீளம் என்று சொல்ல, இளம் காதுகளின் அளவு கையில் இருக்க வேண்டும். ஆனால் எண்ணைக் கையில் கொடுப்பவர்கள் அதன் அர்த்தத்தையும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் நீ இத்தனை நாள் கவலைப்பட்டிருக்க மாட்டாய்.

மனசு கேட்கவில்லை என்றால், மண்டி வேலை இல்லாத நாளில் நன்றாகத் தூங்கி எழுந்து, இடது காதை முதலில் பார்க்கச் சொல். அப்புறம், அன்று தூக்கமில்லாமல் வந்ததை அந்த மாணவியிடம் கட்டாயம் சொல்லிவிடு. அவர் தன் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.