ஒரு கை மட்டும் பிடித்திருக்கும்போது ஜூடோ த்ரோ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: ஒரு கை எதிராளியின் ஜூடோ உடையை, அதாவது கி-யைப் பிடித்துவிட்டது, இன்னொரு கைக்கு இடம் கிடைக்கவில்லை, அப்போது என்ன செய்வது. குழப்பம் வராமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். வேறு விதமாகச் சொல்லாத இடத்திலெல்லாம் நீங்கள் வலது கைக்காரர், உங்கள் இடது கை எதிராளியின் வலது ஸ்லீவைப் பிடித்திருக்கிறது, வலது கை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்டர், இரண்டு கையும் பிடித்த பிறகுதான் த்ரோவுக்குப் போகணும்னு எங்க கோச் சொல்றார். ஒரு கையில போறது தப்பா?

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, அதாவது குசுஷி, எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய இரண்டு கையும் வேலை செய்தாக வேண்டும். ஆனால் ரெண்டோரியில், அதாவது பயிற்சி ஆட்டத்தில், கொஞ்சம் விவரமான ஆள் இரண்டாவது பிடியை எளிதில் தரமாட்டார், நீங்கள் அதைத் தேடி அலைகிற நேரத்தில் அவர் தன் பிடியை எடுத்துக்கொள்வார். நான் சொல்வது இதுதான்: உள்ளே நுழைய ஒரு கை போதும், தூக்கும் நேரத்துக்கு இரண்டு கைக்கும் வேலை இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கை துணியைத்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எதிராளியை முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலாக எறியும் இப்போன் சியோய் நாகேயில் வலது கை அவருடைய அக்குளுக்குக் கீழே போய் மேல்கையை முழங்கை மடிப்பில் இறுக்கிக்கொள்கிறது, அதுவே பிடி. ஒற்றைக் கைப் பிடி என்றதும் எல்லோரும் இந்த த்ரோவுக்கே போவதற்குக் காரணமும் அதுதான்.

கேள்வி: அண்ணா, இப்போன் சியோய்க்கு உள்ளே போயிடறேன், ஆனா ஆள் என் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கிறார், கிளம்பவே மாட்டேங்கிறார்.

உங்கள் இடது கையைப் பாருங்கள் தம்பி. நிறைய பேர் திரும்பும்போதே ஸ்லீவைத் தங்கள் இடுப்புப் பக்கம் கீழே இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவருடைய எடை குதிகாலிலேயே தங்கிவிடும். முதலில் கை மேலும் முன்னும் போக வேண்டும், மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல. அவர் கால்விரல் நுனிக்கு வந்த பிறகுதான் இழுப்பு சுழன்று கீழே இறங்கும். அப்புறம் இடுப்பு. அது அவருடைய பெல்ட்டுக்குக் கீழே போயாக வேண்டும், முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்தால் அவர் எடை மொத்தமும் உங்கள் கீழ்முதுகில்தான் இறங்கும். முழங்கை மடிப்புக்கும் அவர் கைக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் அவர் கையை உருவிக்கொண்டு போய்விடுவார்.

கேள்வி: நான் இப்போன் சியோய் போடுவேன்னு கிளப்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இதோட எதைச் சேர்த்து அடிக்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எந்த த்ரோவோடு எந்த த்ரோ சேரும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். எதிராளி எந்தப் பக்கம் தப்பிக்கிறார் என்று பாருங்கள், அடுத்த த்ரோ அங்கேதான் இருக்கும்.

நீங்கள் திரும்பியதும் பெரும்பாலானவர்கள் இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் சாய்வார்கள். வலது கையின் இறுக்கத்தை விடாமல், முழுசாகத் திரும்பாமல், வலது காலை அவருடைய வலது காலுக்கு உள்பக்கம் கொக்கி போட்டு உடம்போடு பின்னோக்கித் தள்ளுங்கள். இது கோஉச்சி மகிகோமி. அவரே பின்னால் போய்க்கொண்டிருப்பதால் நீங்கள் அதே திசையில் கூடப் போனால் போதும்.

சிலர் சாய மாட்டார்கள், உங்கள் வலது இடுப்பைச் சுற்றி முன்னால் நடந்து வந்துவிடுவார்கள். அப்போது வலது காலை நீட்டி அவருடைய வலது காலுக்கு வெளியே தடுப்பாக வைத்து, இடது கை இழுப்பை நிறுத்தாமல் உடம்பைச் சுழற்றுங்கள், சியோய் ஓதோஷி ஆகிவிடும். முதலில் போட்ட அதே பிடிதான், தூக்குவதற்குப் பதிலாகத் தட்டி விழ வைக்கிறீர்கள்.

தலைகீழ் வரிசையும் உண்டு. முதலில் வலது காலால் கோஉச்சி காரி, அவருடைய வலது பாதத்தை உள்ளிருந்து வாரப் பார்க்கிறீர்கள். அவர் காலை விடுவித்துக்கொண்டு விழாமல் இருக்க முன்னால் வருவார், அந்த நொடியில் இப்போன் சியோய். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 80 கிலோ பிரிவில் தங்கம் வென்ற இசாவோ ஒகானோ சியோய் நாகேயும் கோஉச்சி காரியும் வைத்தே பெரிய ஆட்களைச் சாய்த்தவர். எடைப் பிரிவே இல்லாத அகில ஜப்பான் போட்டியை 1967-லும் 1969-லும் வென்றிருக்கிறார். இந்த ஜோடியில் கோஉச்சியைப் பொய்க்குப் போடாதீர்கள். அதிலேயே விழுந்துவிடுவோம் என்ற பயம் எதிராளிக்கு வந்தால்தான் சியோய்க்கு வழி திறக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவர் உங்களை நோக்கி நடந்து வந்தால் சுழலவே வேண்டாம். அவருடைய வலது பாதம் தரையில் எடை வாங்கப்போகிற நேரத்தில் இடது பாதத்தால் வெளியிலிருந்து அதை வாரிவிடுங்கள், இது தே அஷி பாராய், கூடவே ஸ்லீவைக் கீழே இழுங்கள். ஒரு கையோடு போடும் த்ரோக்களில் இவ்வளவு சுத்தமானது வேறு இல்லை என்பது என் கருத்து. எல்லாம் நேரம் பிடிப்பதில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஸ்லீவ் கிடைக்கவே மாட்டேங்குது, காலர் மட்டும்தான் கிடைக்குது.

அப்படியென்றால் ஜப்பானிய வீரர் தொஷிஹிகோ கோகாவின் பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். இடது கையில் எதிராளியின் வலது காலரைப் பிடித்துக்கொண்டு இடது கைக்காரர் மாதிரி நிற்பார், ஆனால் வலது பக்கம் திரும்பி இப்போன் சியோய் போடுவார். கால்களை முன்னும் பின்னும் அகலமாக வைத்து, மண்டி போடாமல் நின்ற நிலையிலேயே தூக்குவார். 1992 பார்சிலோனாவில், போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் முழங்கால் காயப்பட்ட நிலையிலும், 71 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 1990 அகில ஜப்பான் போட்டியில் தன்னைவிட மிகவும் கனமானவர்களைத் தாண்டி இறுதிப் போட்டி வரை போனார்.

நீங்கள் வலது கைக்காரர், எதிரே இடது கைக்காரர் என்றால் அப்படியே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்: வலது கை அவருடைய இடது காலரில், த்ரோ இடது பக்கம். ஸ்லீவ் உங்கள் கையில் இல்லாததால் அவருடைய கை கட்டுப்படாமல் இருக்கும். அதனால் முழங்கை மடிப்பின் இறுக்கத்தை இரண்டு மடங்கு கவனியுங்கள், காலர் இழுப்பும் அவருடைய காது உயரத்துக்குப் போகட்டும்.

கேள்வி: கோஉச்சி மகிகோமியில தொடையைக் கையால கட்டிக்கலாமா? பழைய புத்தகத்துல அப்படித்தான் படம் இருக்கு.

உலக ஜூடோ கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டியில் கூடாது. 2010-ல் கட்டுப்பாடு வந்தது, 2013-லிருந்து நின்ற நிலையில் கால் பிடிப்பதற்கே தடை. கை மேலேயே, அவர் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: எதிராளி கையை இரும்பு மாதிரி நீட்டி வச்சிருக்கார். அந்தக் கையையே அக்குள்ல அடக்கி வாகி கதாமே பூட்டுப் போட்டுக் கீழ இழுத்துடலாமா சார்?

வேண்டவே வேண்டாம். நின்றபடி வாகி கதாமே போட்டு எடையோடு சேர்த்துக் கீழே விழுவது நேரடி ஹன்சொகு மாகே (உடனடித் தகுதி நீக்கம்), அதைவிட முக்கியம் அவருடைய முழங்கை மூட்டு போய்விடும். நீட்டிய கையை இப்போன் சியோய்க்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால் அந்தக் கைக்குக் கீழே இடம் தானாக வரும்.

கேள்வி: என் பையனுக்குப் பதினோரு வயசு. ரெண்டு முழங்காலும் பயிற்சி மேட்ல (mat) இடிக்க சியோய் போடறான், அடிக்கடி ஜெயிக்கிறான். விடலாமா?

நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. ஜெயிப்பதால்தான் அது பழக்கமாகிறது. அவன் முழங்காலுக்கும் நல்லதல்ல, கூட ஆடுகிற பிள்ளை தலைகுப்புற விழவும் வாய்ப்பு இருக்கிறது. நின்று தூக்கக் கற்றவன் பின்னால் மண்டியிட்டுப் போட எளிதில் கற்றுக்கொள்வான், மண்டியிட்டே வளர்ந்தவனை நிற்க வைப்பது பெரும்பாடு.

கேள்வி: இடது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு கூடிடுச்சு, ஆனா பிடியில பழைய பலம் இல்லை.

மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டாரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பக்கத்தை மாற்றிப் பாருங்கள்: வலது கை அவருடைய இடது ஸ்லீவை இழுக்கட்டும், இடது முழங்கை மடிப்பு கவ்வட்டும். மணிக்கட்டுக்கு வேலை மிகக் குறைவு. எதிராளியின் கையைச் சுற்றிக்கொண்டு கூடவே விழும் சோதோ மகிகோமி பக்கம் இப்போது போகவேண்டாம், இருவர் எடையும் சேர்ந்து விழும்போது கை எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பார்வையற்றோர் ஜூடோவில் இரண்டு பேரும் பிடித்த பிறகுதானே ஆட்டம் ஆரம்பிக்கிறது, அங்கே இதெல்லாம் உதவுமா?

உதவும். தொடக்கம்தான் இரண்டு கைப் பிடி, ஆட்டம் ஓடும்போது ஒரு கை விடுபடுவதும் மாற்றிப் பிடிப்பதும் இயல்பாக நடக்கும், தொடர்பே அறுந்துபோனால் நடுவர் மத்தே (நிறுத்து) சொல்லி மறுபடி பிடிக்க வைப்பார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற கபில் பர்மார்தான் இந்தியாவுக்கு பாராலிம்பிக் ஜூடோவில் முதல் பதக்கம் கொண்டுவந்தவர், அவருடைய ஆட்டங்களைப் பாருங்கள்.

கேள்வி: இதுக்குன்னே என்ன பயிற்சி பண்ணலாம் மாஸ்டர்?

உச்சிகோமியில், அதாவது த்ரோவுக்குள் நுழைவதைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில், இரண்டு கையும் பிடித்து நிற்பதிலிருந்து தொடங்காதீர்கள். கூட்டாளி உங்கள் வலது கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கட்டும், அவர் தட்டுகிற அதே நொடியில் அந்தக் கை அக்குளுக்குக் கீழே நுழையப் பழகட்டும். அது வந்த பிறகு, சாய்வதா சுற்றி வருவதா என்று கூட்டாளி உங்களுக்குச் சொல்லாமல் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் கோஉச்சி மகிகோமியோ சியோய் ஓதோஷியோ அதற்கேற்பப் போடுங்கள். ஒரு கையோடு சும்மா நின்று நேரம் கடத்தப் பழகிவிடாதீர்கள். தாக்காமல் இருப்பதற்கு ஷிடோ (சிறு தண்டனை) வரும், மூன்று சேர்ந்தால் ஆட்டம் போச்சு.