ஓய்வு பெற்ற பிறகு நகைச்சுவை எழுதி நாமே புத்தகம் போடலாமா?

‘61 வயதாகிறது. நான் பேசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நகைச்சுவையாக எழுதி நானே புத்தகம் போடலாமா, கைக்காசு போய்விடுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடுங்கள் சார். கைக்காசு கொஞ்சம் போகத்தான் செய்யும். உங்கள் நிலைமை கேள்வியிலேயே தெரிகிறது. கிராஜுவிட்டி பணம் டெபாசிட்டில் கிடக்கும். பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்தாலும் மணி ஒன்பதைத் தாண்டியிருக்காது. அதற்குப் பிறகு வீட்டில் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தைத்தான் முதலில் பெருக்க வருவார்கள். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து வெள்ளை அட்டையில் ரீடிங் குறித்துவிட்டுப் போவாரே, அந்த ஆள். மதுரையில் ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் பக்கத்துச் சந்துகளில் எனக்கு மனிதர்களைவிட நாய்களோடுதான் பழக்கம் அதிகம். 2016இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்ததும், ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் கேட்டு வந்தவர்கள் கதையே தனிப் புத்தகம் ஆகும். மாடியில் தனிக் குடும்பம் இருக்கிறது என்று காட்ட ஒரு வீட்டில் புது அடுப்பு ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்கள். சோதிக்க வந்த அதிகாரியோடு நானும் போயிருந்தேன். “அடுப்புக்கு ட்யூபையே காணோமேம்மா?” என்றார் அவர். அந்த அம்மா அசரவில்லை. “கேஸ் விக்கிற விலைக்கு ட்யூப் ஒண்ணுதான் கேடா சார்!”

இந்த மாதிரிதான் எழுதினேன். இலக்கியமா என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். நான் அப்படி எங்கும் சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் ‘உங்கள் கனவை நூலாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். பேக்கேஜ் என்றார்கள், முன்பணம் என்றார்கள், ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். சரி, போகட்டும் என்று விட்டேன். புரூஃப் வந்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழுதியிருந்தது: “ஓடியாங்கண்ணே, அவய்ங்க கேட்டத் தொறந்து விட்டுட்டாய்ங்க!” அதில் இருந்தது: “ஓடி வாருங்கள் அண்ணா, அவர்கள் வாயிற்கதவைத் திறந்துவிட்டார்கள்!” நாய் துரத்தும்போது வில்லாபுரத்தில் எவன் சார் இப்படிப் பேசுவான்? புத்தகம் முழுக்க இதே கதை. போனில் பேசிய பிள்ளை, “பிழை திருத்தம் பேக்கேஜ்லயே வந்துரும் சார், இதுக்குத் தனியா சார்ஜ் இல்ல” என்றது. எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முன்பணம் வரவில்லை.

பேக்கேஜ் போடுகிற எல்லாருமே அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவர்களும் இருப்பார்கள், அவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

பிறகு இங்கே மதுரையிலேயே தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தேன். அந்த முதலாளி சொல்லிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில், ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கிற 16 பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்கம் என்றால் சரியாக 8 ஃபாரம். என்னுடையது மூன்று பக்கம் கூடுதலாக இருந்தது. “டிஜிட்டல்ல பரவாயில்ல சார், நாளைக்கு ஆஃப்செட்டுக்குப் போனா இன்னொரு ஃபாரம் இழுக்கும்” என்றார். மூன்று பக்கத்தை வெட்டினேன்; என் மாமனாரைப் பற்றிய பகுதி. வீட்டிலும் அது நல்லதாகப் போயிற்று. ஆஃப்செட் என்றால் தகடு செய்து மொத்தமாக அடிப்பது; ஐந்நூறு, ஆயிரம் என்று அடிப்பவர்களுக்குத்தான் அது கட்டும். நமக்குத் தகடு இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்தே அடிக்கிற டிஜிட்டலில் 100 பிரதி போதும்.

எனக்குப் பிரதிக்கு அடக்கம் 80 ரூபாய், விலை 150 வைத்தேன். கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்டார், அதாவது 60 ரூபாய். மீதி 90இல் அடக்கம் போக நமக்கு நிற்பது 10 ரூபாய். கடைக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்டோ அதில் சேராது.

அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டால் அச்சுச் செலவு இல்லை, தமிழையும் ஏற்றுக்கொள்கிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்கிற அவர்கள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. இல்லையென்றால் 35தான். என் தங்கச்சி மகன் ஏற்றிக் கொடுத்தான். நம் வயசுக்காரர்கள் அதில் படிக்கிறார்களா என்றால், என் வட்டத்தில் இல்லை.

இன்னொன்று. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி வெளியீட்டாளர் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு பொது நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டும். நாமேதானே வெளியீட்டாளர்! அனுப்பினேன். வில்லாபுரத்து நாய் கன்னிமாராவுக்குள் போயிருக்கிறது. அதில் எனக்குக் கர்வம்தான், மறைக்கவில்லை.

யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் கறார். ஓசியில் வாங்கியவர்கள் “அருமை சார்” என்பதோடு சரி, கல்யாணத் தாம்பூலப் பை மாதிரி அது எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். காசு கொடுத்தவன்தான் படிப்பான். எங்கள் செக்‌ஷன் வயர்மேன் ஒருவர் 150 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரையாவது கிண்டல் பண்ணிவிட்டோமா என்று நான் பயந்தேன். “அண்ணே, வில்லாபுரத்து நாய்க்கெல்லாம் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கீக. இம்புட்டு வருசம் உங்க கூடத் திரிஞ்சேன், எனக்கு ஒரு வரி கெடையாதா?” இரண்டாவது புத்தகத்தில் அவருக்கு முழுசாக ஒரு அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் போன் போட்டுத் தன்னைப் பற்றியே தகவல் தருகிறார்.

வாட்ஸ்அப்பில் போடுவதாக இருந்தால் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு போடுங்கள். என் நாய்க் கட்டுரையை என் மச்சானே எனக்கு அனுப்பினார். மேலே ‘படித்ததில் பிடித்தது’, கீழே யாரோ ஒரு டாக்டர் பெயர். நான்தான் எழுதினேன் என்றேன். “அப்படியா மாப்ள, ஆனா டாக்டர் நல்லா எழுதியிருக்காருல்ல” என்றார்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மீட்டர் பாக்ஸை மாடிப்படிக்குக் கீழே வைத்து, அதற்கு முன்னால் செருப்பு ஸ்டாண்டு, அதன்மேல் பழைய பேப்பர் கட்டு, அதற்கும் முன்னால் நாயைக் கட்டிப் போடுகிறீர்களே, ரீடிங் எடுக்க வருகிறவர் எப்படிக் குனிவார் என்று யாராவது நினைத்ததுண்டா? “கடிக்காது, வாங்க வாங்க” என்று மாடியிலிருந்து சத்தம் மட்டும் வரும். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் முதலில் அந்த செருப்பு ஸ்டாண்டைத் தள்ளிப் போடுங்கள் சார், புத்தகம் அப்புறம்.